எங்கே கேட்பது, எப்போது கேட்பது: அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பவரின் வேலைத் தேடல்

கேள்வி: கோவையில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஆகஸ்ட்டில் ஓஹாயோவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேரப்போகிறேன். அங்கே இருக்கும் சீனியர்கள் எல்லோரும் "500 கம்பெனிக்கு அப்ளை பண்ணு, ஒன்றாவது மாட்டும்" என்கிறார்கள். இதுதான் வழியா? எப்போது தொடங்க வேண்டும்?

பதில்:

நான் மிஷிகனில் வாகன உதிரிபாகத் துறையில் இருக்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணல் குழுவில் உட்காருவதும் உண்டு. அதனால் இரண்டு பக்கத்தையும் ஓரளவு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்த 500 கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அதில் பெரும்பகுதி, உங்கள் திறமை எப்படி இருந்தாலும் விசா காரணமாகவே உங்களை எடுக்க முடியாத இடங்களாக இருக்கும். வெளிநாட்டு மாணவருக்கான வேலைச் சந்தை அமெரிக்க மாணவருக்கு இருப்பதில் ஒரு பகுதிதான். அந்தப் பகுதி எது என்று தெரிந்துகொள்வதும், அங்கே சரியான மாதத்தில் போய் நிற்பதும்தான் உங்களுக்கான தனி வேலை. மற்றதெல்லாம், அதாவது ரெஸ்யூமே, நேர்காணல் போன்றவை, எல்லோருக்கும் பொதுவானவை.

முதலில் மாதக்கணக்கு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர் ஒரு முழுக் கல்வியாண்டு படித்த பிறகுதான் சி.பி.டி. என்ற அனுமதியில் வெளியே இன்டர்ன்ஷிப் செய்யலாம். பாடத்திட்டமே உடனடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தால் முதுகலை மாணவருக்கு விலக்கு உண்டு, ஆனால் பெரும்பாலான எம்.எஸ். படிப்புகள் அப்படி இல்லை. ஆகஸ்ட்டில் சேரும் உங்களுக்கு அடுத்த மே மாதம் அந்தத் தகுதி வந்துவிடும். கோடை இன்டர்ன்ஷிப்புக்கு இது சரியாகப் பொருந்துகிறது. சிக்கல் என்னவென்றால், பெரிய நிறுவனங்கள் அந்தக் கோடைக்கான ஆட்களை முந்தைய ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தேட ஆரம்பித்துவிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெரிய கேரியர் ஃபேரும் (வேலைவாய்ப்பு முகாம்) பெரும்பாலும் செப்டம்பரில்தான் நடக்கும். நீங்கள் வந்து இறங்கி, வாடகை வீடு பிடித்து, எந்தப் பேருந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் முடிந்துவிடும். ஆகவே விமானம் ஏறும் முன்பே ஒரு பக்க ரெஸ்யூமே தயாராக இருக்க வேண்டும். "முதல் செமஸ்டர் செட்டில் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பவர்களுக்கு ஜனவரியில் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

இன்டர்ன்ஷிப்புக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றால், முழுநேர வேலைக்கு இருப்பதிலேயே நல்ல வழி அதுதான். கோடையில் மூன்று மாதம் ஒரு குழுவோடு வேலை செய்தவரை அந்தக் குழு மீண்டும் அழைத்தால், விசா பற்றிய பேச்சே வேறு மாதிரி நடக்கும். முன்பின் தெரியாத விண்ணப்பதாரருக்காக மனிதவளத் துறையோடு எந்த மேலாளரும் மல்லுக்கட்ட மாட்டார். தெரிந்த ஆளுக்காகக் கட்டுவார். நானே அப்படிக் கட்டியிருக்கிறேன்.

சி.பி.டி.யில் ஒரு எச்சரிக்கை. முழுநேரமாக 12 மாதமோ அதற்கு மேலோ பயன்படுத்தினால் அதே நிலைப் படிப்புக்கான ஓ.பி.டி. உரிமை, அதாவது படிப்பு முடிந்ததும் வேலை செய்யும் அனுமதி, போய்விடும். வாரம் 20 மணி நேரம் வரையிலான பகுதிநேரம் இந்தக் கணக்கில் சேராது. அனுமதி அந்தக் குறிப்பிட்ட நிறுவனத்துக்கு மட்டும்தான். பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அது அச்சாகி வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும், ஒரு நாள் முன்னதாகக்கூட கூடாது.

அடுத்தது ஓ.பி.டி. படிப்பு முடிந்ததும் 12 மாதம் உங்கள் துறையில் வேலை செய்யலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பானால் இன்னும் 24 மாதம் நீட்டிப்பு, ஆக மூன்று வருடம். இந்த 24 மாத விதி 2016-இலிருந்து இருக்கிறது. மெக்கானிக்கல் இந்தப் பட்டியலில் இருப்பதால் உங்களுக்குக் கவலையில்லை. ஆனால் இதைப் படிக்கும் மேலாண்மை, பொருளாதார மாணவர்கள் ஐ-20-இல் உள்ள, படிப்பின் வகையைக் குறிக்கும் ஆறு இலக்க சி.ஐ.பி. குறியீட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு படிப்புகளில் ஒன்று ஸ்டெம்மாகவும் மற்றது இல்லாமலும் இருக்கலாம். பல பல்கலைக்கழகங்கள் பொருளாதாரப் படிப்பை எக்கனாமெட்ரிக்ஸ் குறியீட்டுக்கு மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். எத்தனையோ ஆயிரம் டாலர் கல்விக் கட்டணத்தைவிட இந்த ஆறு இலக்கம் உங்கள் எதிர்காலத்தை அதிகம் தீர்மானிக்கும் என்பது என் கருத்து.

ஓ.பி.டி. விண்ணப்பத்தைப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாளுக்குள் போட வேண்டும். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் செவிஸ் என்ற அரசின் மாணவர் பதிவேட்டில் பரிந்துரை செய்த 30 நாளுக்குள் ஐ-765 என்ற விண்ணப்பப் படிவம் குடியேற்றச் சேவைத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மே மாதம் முடிப்பவர் பிப்ரவரியிலேயே போட்டுவிடுவது நல்லது, வேலை அனுமதி அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். ஓ.பி.டி. தொடங்கும் தேதியை நீங்களே குறிக்கலாம், படிப்பு முடிந்த 60 நாளுக்குள் இருந்தால் போதும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேலை இல்லாமல் இருக்க உங்களுக்கு 90 நாள்தான் அனுமதி, அந்தக் கணக்கு நீங்கள் குறித்த தொடக்க நாளிலிருந்து ஓடும். அதற்குள் விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டால் ஏற்கப்பட்ட நாளிலிருந்து. கையில் வேலை உறுதியாக இல்லாதவர் தேதியைக் கடைசிப் பக்கமாகத் தள்ளிக் குறித்தால் இரண்டு மாதம் கூடுதலாகத் தேடலாம். வேலை உறுதியானவர் அதற்கேற்ப முன்னால் குறிக்கலாம்.

அந்த 90 நாள் முடியப்போகிறது, வேலை இன்னும் இல்லை என்றால்? முதல் 12 மாத ஓ.பி.டி.யில், உங்கள் துறை சார்ந்த வேலை வாரம் குறைந்தது 20 மணி நேரம் செய்தால் அது வேலையாகவே கணக்கில் வரும். தொழிலாளர் சட்டத்தை மீறாதவரை சம்பளமில்லாத வேலைக்கும் இது பொருந்தும். பேராசிரியரின் ஆய்வகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து கணக்கை நிறுத்துவது வழக்கமான, நேர்மையான வழி. எஸ்.இ.வி.பி. போர்ட்டல் என்ற அரசின் மாணவர் தளத்தில் பத்து நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். ஸ்டெம் நீட்டிப்பில் இந்தச் சலுகை கிடையாது, அங்கே சம்பளம் கட்டாயம். அந்த இரண்டு வருடத்துக்கு இன்னும் 60 நாள் சேர்ந்து மொத்தம் 150 நாள் வேலையில்லாமல் இருக்கலாம்.

ஸ்டெம் நீட்டிப்புக்கு நிறுவனம் இரண்டு காரியம் செய்ய வேண்டும்: ஊழியர்களின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் இ-வெரிஃபை என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். இ-வெரிஃபை பதிவு யாரிடம் இருக்கிறது என்று அந்தத் தளத்திலேயே தேடலாம். அரிசோனா, அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா, டென்னசி, ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் தனியார் நிறுவனங்களில் பெரும்பகுதிக்கு மாநிலச் சட்டமே இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, சில மாநிலங்களில் மட்டும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஊழியர்கள் இருந்தால். தெற்கே வாகனத் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள நடுத்தர நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்க நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டிய வேலை விசாவான எச்-1பியின் பெயரைக் கேட்டால் பயப்படும் நிறுவனம்கூட இ-வெரிஃபையில் ஏற்கனவே இருக்கும். அதனிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: முதல் மூன்று வருடத்துக்கு எனக்காக நீங்கள் அரசுக்குக் கட்டணம் எதுவும் கட்ட வேண்டாம், வழக்கறிஞர் வேண்டாம். இதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த மாணவர்கள் மிகக் குறைவு. "எனக்கு விசா ஸ்பான்சர் வேண்டும்" என்று மட்டும் சொல்லி, எதிரில் இருப்பவரைக் கலங்க வைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் எச்-1பி. வருடத்துக்குப் பொது ஒதுக்கீடு 65,000, அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குத் தனியாக 20,000. மார்ச்சில் நிறுவனம் உங்கள் பெயரைப் பதிவு செய்யும், தேர்வானால் ஏப்ரலிலிருந்து மனு, அக்டோபர் 1 முதல் வேலை. ஸ்டெம் மாணவருக்கு ஓ.பி.டி. காலத்தில் மூன்று மார்ச் மாதங்கள் கிடைக்கும், படிப்பு முடிவதற்கு முன்பே பதியத் தயாராக உள்ள நிறுவனம் கிடைத்தால் நான்கு. முன்பு இது வெறும் குலுக்கல். 2026-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஊதிய நிலைக்கேற்ப ஒருவர் பெயர் ஒன்றிலிருந்து நான்கு முறை வரை குலுக்கலில் போடப்படுகிறது. புதிதாகச் சேருபவர்கள் பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் நிலையில் இருப்பதால் இது அவர்களுக்குப் பாதகம்தான்.

ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஊதிய நிலை ஊருக்கு ஊர் மாறும். சான் ஹோசேயில் முதல் நிலையைக்கூடத் தொடாத சம்பளம், ஓஹாயோவிலோ இந்தியானாவிலோ ஒரு சிறு நகரத்தில் இரண்டாம் நிலையையோ மூன்றாம் நிலையையோ எட்டிவிடும். தொழிலாளர் துறையின் தளத்தில் தொழிலையும் மாவட்டத்தையும் போட்டால் நான்கு நிலைகளின் தொகையும் வரும். எல்லோரும் கலிஃபோர்னியாவையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இந்தியானாவின் கொலம்பஸில் கம்மின்ஸ், ஆர்கன்சாவின் பென்டன்வில்லில் வால்மார்ட் என்று சிறு ஊர்களில் இந்தியப் பொறியாளர்கள் கூட்டமாகக் குடியேறியிருக்கிறார்கள். அந்த ஊர்களில் சாம்பார் பொடி கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும்.

2025 செப்டம்பரில் வந்த எச்-1பிக்கான ஒரு லட்சம் டாலர் கட்டண அறிவிப்பைப் பார்த்துப் பல நிறுவனங்கள் மாணவர்களையே தவிர்க்கத் தொடங்கின. உண்மையில் யு.எஸ்.சி.ஐ.எஸ். அதே வருடம் அக்டோபரில் வெளியிட்ட விளக்கப்படி, அமெரிக்காவுக்குள் முறையான எஃப்-1 நிலையில் இருந்துகொண்டே எச்-1பிக்கு மாறுபவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. மனு நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போய்விட்டால் நிலைமாற்றம் கைவிடப்பட்டதாகிக் கட்டணம் வந்து சேரும். தங்கை கல்யாணமே ஆனாலும் அந்த மாதங்களில் வழக்கறிஞரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். ரிக்ரூட்டருக்கு இந்த விவரம் தெரியாமலிருக்கலாம், பணிவாக எடுத்துச் சொல்லலாம். இவையெல்லாம் அடிக்கடி மாறும் விதிகள் என்பதால் விண்ணப்பிக்கும் சமயத்தில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் கேட்காதீர்கள்.

சரி, எந்த நிறுவனங்கள் ஸ்பான்சர் செய்கின்றன என்று எப்படித் தெரியும்? ஊகிக்கவே வேண்டாம். யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் எச்-1பி எம்ப்ளாயர் டேட்டா ஹப் என்று ஒன்று இருக்கிறது. 2009-இலிருந்து எந்த நிறுவனத்துக்கு எத்தனை மனு ஏற்கப்பட்டது, எத்தனை மறுக்கப்பட்டது என்று ஊர் வாரியாகப் பார்க்கலாம். எச்-1பி மனுவுக்கு முன் நிறுவனங்கள் தொழிலாளர் துறையிடம் போடும் எல்.சி.ஏ. விண்ணப்பங்களின் பட்டியலையே அந்தத் துறை காலாண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் பதவிப் பெயர், வேலை செய்யும் ஊர், சம்பளம் எல்லாம் இருக்கும். எக்செல்லில் திறந்து, மெக்கானிக்கல் இன்ஜினியர் என்று வடிகட்டி, ஓஹாயோ, மிஷிகன், இந்தியானா மூன்றையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பெயரே கேள்விப்படாத நூறு பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் வரும். பிரேக் செய்பவர்கள், இருக்கை செய்பவர்கள், பம்பு செய்பவர்கள். உங்கள் பட்டியல் அதுதான். ஐம்பது நிறுவனம் தேறினால் போதும். அந்த ஐம்பதையும் ஒழுங்காகப் படித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மனிதரையாவது தேடிப் பிடிப்பது 500 பொத்தான்களை அமுக்குவதைவிட மேல்.

விட்டுவிட வேண்டியவையும் உண்டு. பாதுகாப்புத் துறை, விண்வெளி சார்ந்த பல வேலைகளில் ஐ.டி.ஏ.ஆர். என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதி பொருந்தும். அறிவிப்பில் "யு.எஸ். பெர்சன்" என்றோ செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்றோ இருந்தால் அது உங்களுக்கு இல்லை: முதலாவது குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் போன்றோருக்கு, இரண்டாவது பொதுவாகக் குடிமக்களுக்கு மட்டும். லாக்ஹீட் மார்ட்டின், ஸ்பேஸ்எக்ஸ் போன்ற இடங்களில் ராக்கெட் வேலை மீது ஆசை இருந்தாலும் நேரத்தைச் செலவிடாதீர்கள். மத்திய அரசு வேலைகளும் அநேகமாக அப்படித்தான்.

முனைவர் பட்டம் படிப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற மருத்துவமனைகள், லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்கள், அரசு ஆய்வு நிறுவனங்கள் இவற்றுக்கு எச்-1பியின் 85,000 வரம்பே (65,000 + 20,000) கிடையாது, குலுக்கலும் கிடையாது, வருடத்தில் எந்த மாதமும் மனு போடலாம். எம்.எஸ். முடித்தவர்களும் ஆய்வகப் பொறியாளர், தரவு ஆய்வாளர் என்று பல்கலைக்கழக வேலைகளுக்குப் போகலாம். சம்பளம் குறைவு, நிம்மதி அதிகம். பின்னால் தனியாருக்கு மாற நினைத்தால் அப்போது குலுக்கலுக்கு வந்தாக வேண்டும். கலை, மானுடவியல் படித்தவர்களுக்கு ஸ்டெம் நீட்டிப்பு இல்லாததால் இந்த வழி இன்னும் முக்கியம். ஹயர்எட்ஜாப்ஸ் போன்ற தளங்களில் ஆசிரியப் பணி மட்டுமில்லாமல் நிர்வாகப் பணிகளும் வரும்.

இப்போது மனிதர்கள். லிங்க்ட்இன்னில் உங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் முன்னாள் மாணவர் பகுதிக்குப் போனால் யார் எந்த நிறுவனத்தில், எந்த ஊரில் இருக்கிறார் என்று வடிகட்டலாம். கோவைக் கல்லூரிக்கும் இதேபோல் செய்யுங்கள். எழுதும் செய்தி நாலு வரிக்கு மேல் போகக் கூடாது. நான் யார், உங்கள் வேலையில் எதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறேன், பதினைந்து நிமிடம் பேச முடியுமா, அவ்வளவுதான். எனக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டாவது இப்படி வரும் செய்திகளில் பெரும்பாலானவை "சார், ரெஸ்யூமே இணைத்துள்ளேன், ஏதாவது வாய்ப்பு இருந்தால் சொல்லவும்" வகை. என்ன செய்வதென்று எனக்கே தெரியாது. "உங்கள் நிறுவனத்தின் பிரேக் சத்தம் குறைப்புச் சோதனை பற்றிய கட்டுரையைப் படித்தேன், அதே மென்பொருளில் புராஜெக்ட் செய்கிறேன், ஒரு சந்தேகம்" என்று ஒரு மாணவி எழுதினார். அவரோடு பேசினேன், பேச்சின் முடிவில் ரெஃபர் செய்யட்டுமா என்று நானே கேட்டேன். இங்கே ரெஃபரல் என்பது சிபாரிசு கிடையாது. உங்கள் ரெஸ்யூமேயை ஒரு மனிதர் கண்ணால் பார்ப்பதற்கான உத்தரவாதம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வேலை உங்கள் நேர்காணலில்தான்.

தமிழ்ச் சங்கங்களையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான பெரிய ஊர்களில் ஒன்று உண்டு, வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழா ஜூலை 4 விடுமுறையை ஒட்டி நடக்கும். அங்கே போய் ரெஸ்யூமே நீட்டச் சொல்லவில்லை. பொங்கல் விழாவில் நாற்காலி எடுத்துப் போட்ட பையனை இருபது வருடமாக ஃபோர்டில் இருக்கும் அண்ணனுக்கு ஞாபகம் இருக்கும்.

பல்கலைக்கழகத்தின் கேரியர் சென்டர் உங்கள் கட்டணத்தில் நடப்பது. ரெஸ்யூமே திருத்துவார்கள், மாதிரி நேர்காணல் நடத்துவார்கள். நம் பிள்ளைகள் கடைசி செமஸ்டரில்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். ஹேண்ட்ஷேக் என்ற தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கென்றே வரும் அறிவிப்புகள் இருக்கும். அதில் வருபவர்கள் உங்கள் கல்லூரியிலிருந்து எடுக்கலாம் என்று ஏற்கனவே முடிவு செய்தவர்கள், பொதுத் தளங்களைவிட அதற்கு முன்னுரிமை கொடுங்கள். கேரியர் ஃபேரில் மேசைக்குப் போனதும் "ஸ்பான்சர் செய்வீர்களா" என்று ஆரம்பிக்காதீர்கள். வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டுக் கேளுங்கள். பல ஃபேர்களின் செயலியிலேயே சர்வதேச மாணவர்களை எடுக்கும் நிறுவனங்கள் குறிக்கப்பட்டிருக்கும்.

ரெஸ்யூமே ஒரு பக்கம். புகைப்படம், பிறந்த தேதி, திருமண நிலை, அப்பா பெயர், பாஸ்போர்ட் எண் எதுவும் வேண்டாம். கடைசியில் "மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்" என்று ஊரும் தேதியும் போட்டுக் கையெழுத்திடும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரியும் நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்று சொல்ல வேண்டும், முடிந்தால் எண்ணோடு. இந்தியப் பத்துப் புள்ளி அளவை நீங்களாக நான்குக்கு மாற்றாதீர்கள், 8.6/10 என்றே எழுதலாம்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. இனிஷியலோடு வளர்ந்தவர்களின் பாஸ்போர்ட்டில் சில நேரம் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். விசாவில் அது கடைசிப் பெயராகிவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று வரும், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தால் ரிக்ரூட்டர் உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். முடிந்தால் ஐ-20 வாங்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு பகுதியையும் சரிசெய்துகொள்ளுங்கள். முடியாவிட்டால் ரெஸ்யூமே, லிங்க்ட்இன், பட்டச் சான்றிதழ், ஓ.பி.டி. அட்டை எல்லாவற்றிலும் என்ன இருக்கிறது என்று குறித்துவைத்து, பின்னணிச் சோதனையின்போது நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். சொன்னால் ஒரு நாளில் முடியும், சொல்லாவிட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கேள்வி வரும். அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா? ஓ.பி.டி. உள்ளவருக்கு "ஆம்". இப்போதோ எதிர்காலத்திலோ விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா? "ஆம்". இரண்டாவதற்கு "இல்லை" போட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். போகலாம்தான். வேலைக்கு எடுத்த பிறகு தெரிந்தால், பொய் சொன்னதற்காகவே வேலையை விட்டுத் தூக்கலாம், அப்போது உங்கள் வேலையில்லா நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கும். இப்படி ஒரு பையனை அனுப்ப வேண்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன், வேலையில் அவன்மீது ஒரு குறையும் இல்லை.

நேர்காணலில் நம்மவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை தொழில்நுட்பத்தில் இல்லை. "நாங்கள் டிசைன் செய்தோம், நாங்கள் டெஸ்ட் செய்தோம்" என்றே பேசுவார்கள். அடக்கமாக வளர்க்கப்பட்டவர்களுக்கு "நான்" என்று சொல்லக் கூச்சம். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்றே புரியாமல் போகும். குழு செய்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதில் உங்கள் பங்கு என்ன, எங்கே சிக்கல் வந்தது, நீங்கள் எடுத்த முடிவு என்ன என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று தொடருங்கள், அதற்கு மதிப்பு உண்டு. எல்லோரையும் பெயர் சொல்லியே கூப்பிடலாம், "சார்" வேண்டாம். முடிந்த மறுநாள் நன்றி தெரிவித்து இரண்டு வரி மின்னஞ்சல்.

கன்சல்டன்சி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலையில்லா நாள் கணக்கில் 60-ஆவது நாள் தாண்டியதும் அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். பயிற்சிக் கட்டணம் கேட்பது, ரெஸ்யூமேயில் ஏழு வருட அனுபவம் சேர்ப்பது, வேறொருவரை வைத்து நேர்காணல் முடிப்பது, வேலையே இல்லாமல் "பெஞ்ச்"சில் வைத்து வேலையில் இருப்பதாகக் கடிதம் தருவது. இதில் எது ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். எச்-1பிக்கான அரசுக் கட்டணத்தை உங்களிடம் வசூலிக்கும் நிறுவனம் சட்டத்தை மீறுகிறது. முறையான ஆலோசனை நிறுவனங்கள் நிறைய உண்டு, அவை உங்களிடம் பணம் கேட்காது. சேர்ந்த முதல் நாளே சி.பி.டி. தருவதாகச் சொல்லும் கல்லூரிகளையும் சந்தேகத்தோடு பாருங்கள். 2011-இல் கலிஃபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 2019-இல் வெளிவந்த ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் இன்னும் மோசம். டெட்ராய்ட் அருகே குடியேற்றத் துறை அதிகாரிகளே விரித்த வலை அது, வகுப்பே கிடையாது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், பலர் கைதாகி நாடு திரும்பினார்கள்.

வேறு குடியுரிமை உள்ள தமிழர்களுக்கு ஒரு இடைச்செருகல். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு எச்-1பி1 என்று தனி விசா, வருடத்துக்கு 5,400 இடங்கள், குலுக்கல் இல்லை. ரிக்ரூட்டர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். இலங்கையில் பிறந்தவர்களுக்கு எச்-1பியில் சலுகை இல்லை, ஆனால் வேலைவழி கிரீன் கார்டு வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது என்பதால் இந்தியாவில் பிறந்தவர்களின் நீண்ட காத்திருப்பு அவர்களுக்கு இல்லை.

வேலை கிடைத்த பிறகு பார்க்க வேண்டியவை சில. கொலராடோ, கலிஃபோர்னியா, வாஷிங்டன், நியூயார்க் போன்ற மாநிலங்களில் அறிவிப்பிலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பேரம் பேசும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்-1 மாணவர்கள் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி கட்ட வேண்டாம், ஓ.பி.டி.யிலும் அப்படித்தான். சம்பளத்தில் 7.65 சதவீதம் அது. சிறு நிறுவனங்களின் சம்பளப் பிரிவு இது தெரியாமல் பிடித்துவிடும், முதல் சம்பளச் சீட்டிலேயே பாருங்கள்.

இன்னொன்று, ஆஃபர் கைக்கு வந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். எச்-1பி பதிவை முதல் மார்ச்சிலேயே செய்வீர்களா, ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வீர்களா? மூன்று முறையும் கிடைக்காவிட்டால் வேறு நாட்டு அலுவலகத்துக்கு மாற்றுவீர்களா? பெரிய நிறுவனங்கள் டொராண்டோவுக்கோ பெங்களூருக்கோ சென்னைக்கோ அனுப்பி, அங்கே ஒரு வருடம் வேலை செய்த பிறகு எல்-1 என்ற நிறுவன இடமாற்ற விசாவில் திரும்ப அழைத்துக்கொள்வது உண்டு. கார் கம்பெனிகளில் இது கொஞ்சம் எளிது, அவர்களில் பலருக்குச் சென்னையைச் சுற்றியே பொறியியல் மையங்கள் இருக்கின்றன.